பிளெண்டர் வாங்கலாமா? புதுச்சேரி, கடலூர் வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவிலும், மஞ்சக்குப்பத்தில் தங்கை வீட்டுப் பக்கத்திலும் மிக்ஸி, பிளெண்டர் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம் கேட்கிறார்கள். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதியே வைத்துவிட்டேன். இங்கே பிளெண்டர் என்பது சமையல் மேடையில் நிற்கும், உயரமான ஜார் வைத்த இயந்திரம்.

வீட்டில் நல்ல மிக்ஸி ஓடுகிறது. பிளெண்டர் தனியாக வாங்க வேண்டுமா?

பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டாம். கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. காலையில் தேங்காய்ச் சட்னி, மதியம் மீன் குழம்புக்கு மசாலா, எப்போதாவது மிளகுத்தூள், விருந்தாளி வந்தால் ஜூஸ் என்று போகிற அடுப்படியில் பிளெண்டர் ஒரு மாதம் மேடையில் நிற்கும். அப்புறம் பரணுக்கு ஏறிவிடும்.

பிளெண்டர் நிஜமாகவே உதவுகிற வீடுகளும் உண்டு. தினமும் கீரையும் பழமும் போட்டு ஸ்மூத்தி குடிப்பவர்கள், வாரத்தில் மூன்று நான்கு நாள் சூப் வைப்பவர்கள், ஐஸ் போட்ட பானங்களைச் சிறு கடையாக விற்பவர்கள். இன்னொரு வகையை யாரும் யோசிப்பதில்லை: பல் இல்லாத பெரியவர்கள், அறுவை சிகிச்சைக்குப் பிறகு மெல்ல முடியாதவர்கள், குழாய் வழியாக உணவு எடுப்பவர்கள். அவர்களுக்குத் திப்பி இல்லாமல், ஒரே சீராக இருக்க வேண்டும். அந்த வேலையில் நல்ல பிளெண்டர் மிக்ஸியைவிட ஒரு படி மேலே.

இந்தப் பட்டியலில் உங்கள் வீடு இல்லையென்றால், அந்தப் பணத்தில் இருக்கிற மிக்ஸிக்குப் புது ஜார் ஒன்றும் புது பிளேடும் வாங்குங்கள். பாதிக் குறை அதிலேயே தீர்ந்துவிடும்.

பிளெண்டரிலும் பிளேடுதானே சுற்றுகிறது? சட்னி ஏன் அரையாது?

பிளெண்டர் ஜார் உயரமானது, அடியில் குறுகிவரும். பிளேடுகள் சில மேல்நோக்கியும் சில கீழ்நோக்கியும் வளைந்திருக்கும். ஓடும்போது நடுவில் ஒரு சுழல் உண்டாகி, மேலே இருப்பதைக் கீழே இழுத்து வெட்டி, பக்கவாட்டில் மேலே தள்ளும். இந்தச் சுழற்சிக்குத் தண்ணீரோ பாலோ தாராளமாக வேண்டும். கெட்டியான பொருளைப் போட்டால் பிளேடைச் சுற்றி ஒரு காற்றுப்பை உருவாகும். பிளேடு அந்தக் காற்றில் சுற்றிக்கொண்டிருக்க, தேங்காய் மேலேயே உட்கார்ந்திருக்கும். மோட்டார் அலறும், ஜாருக்குள் எதுவும் அசையாது.

மிக்ஸி ஜார் குட்டையானது, தட்டையான அடி. பிளேடு அடித்தட்டை ஒட்டியே சுற்றும். சுவரில் இருக்கும் புடைப்புகள் பொருளைத் தடுத்துத் திரும்ப பிளேடுக்கே தள்ளும். அதனால்தான் இரண்டு ஸ்பூன் தண்ணீரில் மசாலா விழுதாகிறது. 1960-களில் எஸ்.பி. மாத்தூர் என்ற பொறியாளர் சுமீத் மிக்ஸியை உருவாக்கியதற்குக் காரணமே இதுதான். பழத்துக்கும் கிரீமுக்கும் செய்த மேல்நாட்டு இயந்திரங்களால் நம் உளுந்தையும் மஞ்சளையும் தாங்க முடியவில்லை. அன்றைய நிலை இன்றும் பெரிதாக மாறவில்லை. தொகையலுக்கு பிளெண்டரை நம்பாதீர்கள்.

அப்படியானால் மிக்ஸியோடு வரும் ஜூஸர் ஜாரே போதுமா?

மில்க்‌ஷேக், மோர், தக்காளிச் சாறுக்கு தாராளமாகப் போதும். நடுவில் வடிகட்டிக் குழாய் வைத்த ஜார் என்றால் திராட்சை, மாதுளை விதையும் தனியாக நின்றுவிடும். ஆனால் அந்தக் குழாயைக் கழுவுவதற்கு ஒரு தனிப் பொறுமை வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அது அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை.

எத்தனை வாட்ஸ் பார்த்து வாங்க வேண்டும்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. இதில்தான் அதிகம் ஏமாறவும் செய்கிறோம்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் வாட்ஸ், மோட்டார் கரண்டிலிருந்து இழுக்கும் அளவு. பிளேடுக்குப் போய்ச் சேரும் சக்தி அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பது மோட்டாரின் தரத்தைப் பொறுத்தது. நன்றாகச் செய்த 550 வாட்ஸ் மோட்டார், சுமாரான 750-ஐவிட ஒழுங்காக அரைக்கும். சில பெட்டிகளில் உச்ச வாட்ஸ், உச்ச குதிரைத்திறன் என்று போட்டிருப்பார்கள். அது ஒரு நொடி எட்டிப்பார்க்கும் அளவு. அமெரிக்காவில் விற்கும் 3 குதிரைத்திறன் பிளெண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட்ஸ், மூன்று என்றால் 2238. அந்த ஊர்ச் சாதாரண பிளக் 120 வோல்ட், 15 ஆம்பியர், அதாவது மொத்தமே 1800 வாட்ஸ். பிளக் கொடுக்கிற கரண்டைவிட அதிகமாக மோட்டார் எப்படித் தொடர்ந்து வேலை செய்யும்?

தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம். மில்க்‌ஷேக்குக்கும் மோருக்கும் 300 முதல் 500 வாட்ஸ். தினசரி ஸ்மூத்தி, வெந்த காய்கறி சூப், கொஞ்சம் ஐஸ் என்றால் 600 முதல் 1000. உறைந்த பழம், கடலை வெண்ணெய் என்று போனால்தான் 1200-க்கு மேல்.

மேலே போகும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நம் வீட்டுச் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டில் அது தாங்குவது 1380 வாட்ஸ். 1500 வாட்ஸ் பிளெண்டருக்கு ஏசியோ கீசரோ மாட்டுகிற 16 ஆம்பியர் பெரிய பிளக் வேண்டும். பழைய வீடுகளில் அடுப்படி மேடையில் அது இருக்காது. வாங்கிக்கொண்டு வந்த பிறகு எக்ஸ்டென்ஷன் வயர் இழுக்காதீர்கள்.

ஆர்.பி.எம். அதிகம் இருந்தால் நல்லதா?

ஆர்.பி.எம். என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. சுமை இல்லாமல் ஓடும்போது எடுத்த எண் அது. 20,000 என்று போட்டிருக்கும். ஜாரில் பொருள் விழுந்ததும் வேகம் எங்கேயோ இறங்கிவிடும். அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

குறைந்த வேகத்தில் ஓட்டினால் மோட்டார் நீடித்து உழைக்குமா?

இல்லை. கெட்டியான பொருளை முதல் வேகத்திலேயே வைத்து நீண்ட நேரம் அரைப்பதுதான் மோட்டாரைச் சுடவைக்கும். மோட்டாரைக் குளிரவைக்கும் விசிறி அதே தண்டில்தான் மாட்டியிருக்கிறது. மோட்டார் மெதுவானால் விசிறியும் மெதுவாகும். சுமையால் இழுக்கும் கரண்டு மட்டும் ஏறும். சூடு போக வழியில்லை. முதல் வேகத்தில் தொடங்கி, பொருள் கொஞ்சம் உடைந்ததும் ஏற்றிவிடுங்கள். இடையிடையே நிறுத்துங்கள். அடியில் சிவப்புப் பொத்தான் வெளியே தள்ளி நின்றுவிட்டால், அது பழுது இல்லை. ஓவர்லோடு ஆனதும் தானாக நிற்கிற ஏற்பாடு. கால் மணி நேரம் ஆறவிட்டு, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, பொத்தானை அழுத்தி ஓட்டுங்கள். கையேட்டில் 30 நிமிட ரேட்டிங் என்று இருந்தால் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் ஓய்வு என்பது போல ஒரு கணக்கு அதிலேயே எழுதியிருக்கும்.

ஜார் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா, ஸ்டீலா?

என்னைக் கேட்டால் மோட்டாரை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். தினமும் கையில் எடுப்பது, கழுவுவது, உடைவது, ஒழுகுவது எல்லாம் ஜார்தான். மோட்டார் போய் இயந்திரம் குப்பைக்குப் போனதைவிட, மாற்று ஜார் கிடைக்காமல் போனதுதான் அதிகம்.

கண்ணாடியில் வாடை பிடிக்காது, கீறல் விழாது, பூண்டு அரைத்த மறுநாள் சப்போட்டா ஜூஸ் போடலாம். ஆனால் கனம். வயதான கைகளுக்குச் சரிப்படாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடி ஜாரில் கொதிக்கும் சூப்பை ஊற்றினால் விரிசல் விடும்.

பிளாஸ்டிக் இலேசு, கீழே விழுந்தாலும் சமாளிக்கும். அதில் பாலிகார்பனேட், டிரைட்டான் என்று இரண்டு பெயர் அடிக்கடி வரும். சூட்டில் உணவில் இறங்கக்கூடிய பி.பி.ஏ. என்ற வேதிப்பொருளைக் கொண்டு செய்வது பாலிகார்பனேட். டிரைட்டானில் அது கிடையாது. சூடான உணவுக்கு டிரைட்டான் என்று போட்டதையே எடுங்கள். மஞ்சள் போட்டால் இரண்டுமே நிறம் ஏறிவிடும், கழுவிக் கழுவிப் பார்த்தாலும் போகாது.

ஸ்டீல் நம் கைக்குப் பழகியது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது, அவ்வளவுதான் குறை. காந்தம் ஒட்டாவிட்டால் 304 தரம் என்று கடையில் காட்டுவார்கள். அதை நம்ப வேண்டாம். விலை குறைந்த 202 ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. பிளேடில் காந்தம் ஒட்டினால் பயப்படவும் வேண்டாம். கூர் நிற்க வேண்டும் என்பதற்காக பிளேடுக்குப் பெரும்பாலும் காந்தம் ஒட்டுகிற கடினமான ஸ்டீலைத்தான் போடுவார்கள்.

புல்லட் மாதிரி சின்ன ஜார் வைத்த பிளெண்டர் எப்படி?

ஒருவர், இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு நன்றாக இருக்கும். அரைத்த கப்பையே மூடி போட்டு அலுவலகத்துக்கு எடுத்துப் போகலாம். ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள். சூடான எதையும் அதில் போடவே கூடாது. இறுக மூடிய கப்பில் ஆவி போக வழியில்லை, திறக்கும்போது முகத்தில் அடிக்கும். நான்கு பேர் வீட்டில் நான்கு முறை ஓட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அக்கா, என் தம்பி பாரிசிலிருந்து பொங்கலுக்கு வருகிறான். அங்கிருந்தே ஒன்று வாங்கி வரச் சொல்லட்டுமா?

பிரான்சில் சொந்தக்காரர் உள்ள வீடு புதுச்சேரியில் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும், அதனால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வோல்ட்டேஜ் பிரச்சினை இல்லை. பிரான்சிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம்மைப் போலவே. இடிப்பது பிளக். அந்த ஊர் உருண்டைப் பின் நம் சாக்கெட்டில் நுழையும், ஆனால் தளர்வாக ஆடும். ஆயிரம் வாட்ஸுக்கு மேல் இழுக்கிற இயந்திரத்தில் தளர்ந்த இணைப்பு சூடாகி சாக்கெட்டையே உருக்கிவிடும். அதோடு அவர்கள் பிளக்கின் எர்த் நம் சாக்கெட்டின் எர்த்தோடு சேராது. எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து நம்மூர் மூன்று பின் பிளக்காக மாற்றிக்கொண்டால் தீர்ந்தது.

அமெரிக்கா, கனடாவிலிருந்து வருகிறது என்றால் கதை வேறு. அங்கே 120 வோல்ட். மலிவாக விற்கிற அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டும் மாற்றும், வோல்ட்டேஜைக் குறைக்காது. அதில் மாட்டி சுவிட்சைப் போட்டால் சில நொடிகளில் புகைதான். வோல்ட்டேஜைக் குறைக்கிற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம் என்பார்கள். 1400 வாட்ஸைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் பிளெண்டரைவிடக் கனமானது, மேடையில் பாதி இடத்தைப் பிடிக்கும். வேண்டாம் என்று இப்போதே தம்பியிடமோ மருமகளிடமோ சொல்லிவிடுங்கள். வாங்கிய பிறகு சொன்னால் மனஸ்தாபம் வரும்.

இரண்டு ஊருக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. ரப்பர் வளையம் தேய்ந்தாலோ, ஜாரை மோட்டாரோடு இணைக்கிற கப்ளர் உடைந்தாலோ இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. அடுத்த பொங்கல் வரை காத்திருக்க வேண்டும். மீறி வாங்குவதானால் வளையம் இரண்டு, கப்ளர் ஒன்று கூடவே வாங்கிவரச் சொல்லுங்கள். பிளேடு கைப்பையில் வரக் கூடாது, பெரிய பெட்டியில் போட வேண்டும்.

கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. சீக்கிரம் துருப்பிடிக்குமா?

பிடிக்கும். தேவனாம்பட்டினத்திலும் குருசுக்குப்பத்திலும் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஜன்னல் கம்பியே சொல்லும். உப்புக்காற்று முதலில் பிடிப்பது அடியில் இருக்கும் திருகாணிகள், சுவிட்சின் உள் தொடுப்புகள், ஜாருக்கு அடியில் பிளேடைப் பிடித்திருக்கும் நட்டு. உடல் பிளாஸ்டிக்காக இருப்பது இங்கே நல்லதுதான். பளபளவென்று குரோம் பூசிய இரும்பு உடல் ஷோரூமில் அழகு, உப்பங்காற்றில் ஓராண்டில் கொப்பளிக்கும். தொடுதிரை பட்டன்களைவிடச் சாதாரண திருகு சுவிட்ச் மேல். கெட்டால் தெருமுனை மெக்கானிக்கே மாற்றிவிடுவார். போர்டு கெட்டால் முழுப் போர்டும் வர வேண்டும்.

ராத்திரி ஜாரை ஈரத்தோடு மூடி வைக்காதீர்கள், கவிழ்த்து வையுங்கள். ஜன்னலுக்கு நேராக வைக்க வேண்டாம்.

புயல், மழைக்காலத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் இரண்டு ஊருக்கும் நடுவே கரையேறியது. கடலூர்ப் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்து, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. வீட்டுக்குள் தண்ணீர் வந்த தெருக்கள் நிறைய. இந்த ஊரில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் எந்த மின்சாமானும் வாங்க முடியாது.

கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. புயலில் கம்பி அறுந்து, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் இணைப்பு விட்டுப்போனால், வீட்டுக்குள் வரும் வோல்ட்டேஜ் 230-ஐத் தாண்டி 400 பக்கம் வரை ஏறலாம். கரண்ட் திரும்பி வந்ததும் விளக்கு வழக்கத்தைவிட வெளிச்சமாக எரிந்தால் உடனே மெயினை அணைத்துவிட்டு மின்துறைக்குச் சொல்லுங்கள்.

தண்ணீரில் மூழ்கிய மிக்ஸியோ பிளெண்டரோ வெளியே பார்க்கக் காய்ந்திருந்தாலும் போட்டுப் பார்க்க வேண்டாம். சுற்றுக் கம்பிக்குள் ஈரமும் சேறும் நிற்கும். மெக்கானிக் கழற்றிக் காயவைத்து, இன்சுலேஷன் சோதித்துக் கொடுத்த பிறகுதான் ஓட்ட வேண்டும். வெயிலில் வைத்தால் போதும் என்று அண்டை வீட்டார் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

பிளெண்டரில் இட்லி மாவு அரைக்கலாமா?

கிரைண்டர் இருக்கும்போது ஏன்? கல் மெதுவாகச் சுற்றும், மாவு சூடாகாது, உளுந்து காற்றை வாங்கி உப்பும். பிளெண்டரும் மிக்ஸியும் வேகத்தில் மாவைச் சுடவைக்கும். அவசரத்துக்கு அரைத்தே ஆக வேண்டும் என்றால் மிக்ஸியில், ஐஸ் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. வடை மாவுக்கு பிளெண்டர் வேண்டவே வேண்டாம். அது கேட்கிற தண்ணீரை ஊற்றினால் வடை எண்ணெயில் கரைந்துவிடும்.

பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வீட்டில் நிறைய. இதற்கு பிளெண்டர் நன்றாக இருக்குமா?

நன்றாகவே இருக்கும், இதில் பிளெண்டர் பக்கம்தான் நான். சித்திரை, வைகாசியில் பலாச்சுளை மலிந்து கிடக்கும்போது கொட்டையும் கொட்டைமேல் தோலும் எடுத்து, சுளையைத் துண்டாக்கி ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். பிளெண்டரில் முதலில் பால், அதன்மேல் உறைந்த சுளை. திருப்பிப் போட்டால் காற்றுப்பை வந்து சிக்கிக்கொள்ளும். பலாவில் நார் அதிகம். சாதாரண ஜூஸர் ஜாரில் நார் பிளேடைச் சுற்றிக்கொள்ளும், நல்ல பிளெண்டரில் அதுவும் மசிந்துவிடும். சர்க்கரை தேவைப்படாது.

முந்திரிக்கு முழுப் பருப்பு வாங்க வேண்டியதில்லை, உடைசல் போதும், விலையும் குறைவு. வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்கு முந்திரிக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் விட்டு அரைத்தால் முந்திரிப்பால் வடிகட்டாமலே குடிக்கிற மாதிரி வரும். குருமாவுக்குக் கெட்டி விழுது வேண்டும் என்றால் மிக்ஸியின் சட்னி ஜாருக்குத் திரும்புங்கள்.

தேங்காய்ப்பாலும் இதே போலத்தான். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு பிளெண்டரில் அடித்தால் முதல் பால் நிறையவே வரும்.

ஐஸ் உடையுமா?

பெட்டியில் ஐஸ் படம் போட்டிருந்தால் மட்டும். அப்போதும் வெறும் ஐஸைப் போடாமல் கொஞ்சம் தண்ணீரோ பாலோ விட்டு, விட்டுவிட்டு அழுத்துகிற பல்ஸில் ஓட்டுங்கள்.

சூடான சூப்பை அப்படியே ஊற்றி அரைக்கலாமா?

அடுப்பிலிருந்து இறக்கி பத்து நிமிடமாவது ஆறவிடுங்கள். ஜாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மூடியின் நடுவில் இருக்கும் சின்னக் குமிழைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையின்மேல் மடித்த துணியை வைத்து, குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். மூடியை இறுக்கிவிட்டு நேராகப் பெரிய வேகத்தில் போட்டால், உள்ளே திடீரென்று கிளம்பும் ஆவி மூடியைத் தூக்கி எறியும். தக்காளி சூப் கூரைவரை போகும் என்பதுகூடப் பெரிதில்லை, கையும் முகமும் வெந்துபோகும். குழந்தைகளை அந்த நேரம் அடுப்படியில் விடாதீர்கள். வாரத்துக்கு ஒருமுறைதான் சூப் என்றால் பாத்திரத்துக்குள்ளேயே விட்டுக் கடைகிற ஹேண்ட் பிளெண்டர் போதும். விலையும் குறைவு, ஆபத்தும் குறைவு.

சத்தம் குறைவாக ஒன்று சொல்லுங்களேன்?

வீட்டு மிக்ஸி எதுவும் சத்தமில்லாமல் ஓடாது, 80 டெசிபெல்லைச் சாதாரணமாகத் தாண்டும். பிளெண்டரும் அப்படித்தான். மேலே கவிழ்க்கும் கூண்டு வைத்தவை ஓரளவு அடங்கும், விலை அதற்கேற்றபடி. அடியில் தடித்த துணி மடித்துப் போடுகிற பழக்கம் உண்டு. அது காற்றுத் துளைகளை அடைத்து மோட்டாரைச் சுடவைக்கும். மெல்லிய ரப்பர் விரிப்பு போடலாம். விடிகாலை ஐந்தரைக்கு ஸ்மூத்தி போடுகிறவர்கள் பக்கத்து வீட்டைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் பில் ஏறுமா? இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

750 வாட்ஸ் இயந்திரம் தினமும் இருபது நிமிடம் ஓடினால் கால் யூனிட், மாதம் ஏழரை யூனிட். கவலைப்படுகிற அளவு இல்லை. சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கிற கரண்டை அது தாங்காது.

எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்? புதுச்சேரியில் வாங்கினால் மலிவா?

சின்ன புல்லட் வகை 1,500 ரூபாயிலிருந்து கிடைக்கும். கொஞ்சம் நல்லதாக 3,000 முதல் 5,000 வரை. வெளிநாட்டுப் பெரிய பிராண்டுகள் 30,000-ஐத் தாண்டும். அந்த விலைக்கு ஒரு மிக்ஸி, ஒரு டேபிள்டாப் கிரைண்டர், ஒரு ஹேண்ட் பிளெண்டர் மூன்றையும் வாங்கி மீதியும் இருக்கும். தினமும் வியாபாரத்துக்கு ஓட்டுகிறவர்கள் தவிர மற்றவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கடலூரிலிருந்து பஸ் ஏறி நேரு வீதிக்கு வந்து வாங்குகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. வரி வித்தியாசம் இருந்த காலத்துப் பழக்கம் அது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு இரு பக்கமும் ஒரே வரி. முதலில் 28 சதவீதம் இருந்தது, 2018 ஜூலை கடைசியில் 18 ஆகக் குறைந்தது. விலை வித்தியாசம் வந்தால் அது கடைக்காரர் விட்டுக்கொடுப்பதுதான். கடலூர் லாரன்ஸ் ரோட்டிலேயே பேரம் பேசிப் பாருங்கள். பஸ் செலவு மிச்சம், பழுது வந்தால் தூக்கிக்கொண்டு போகவும் பக்கம்.

ஆன்லைனில் நூறு இருநூறு குறையும். வாங்கலாம்தான், ஆனால் அதற்கு முன் அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேளுங்கள். விழுப்புரத்துக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டும் என்று பதில் வந்தால் அந்த மாடலை மறந்துவிடலாம்.

வாரண்டி ஐந்து வருடம் என்கிறார்களே?

பில்லின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் மோட்டாருக்கு ஐந்து, மற்றவற்றுக்கு இரண்டு. ஜார், பிளேடு, கப்ளர், ரப்பர் வளையத்துக்கு ஒன்றும் இருக்காது. கெடுவதோ இவைதான். கடையில், மெஸ்ஸில் வைத்து ஓட்டினால் வீட்டு வாரண்டி செல்லாது.

கப்ளர் அடிக்கடி உடைகிறது என்று நிறைய பேர் சலித்துக்கொள்கிறார்கள். ஜார் சிக்கினால் மோட்டார் எரியாமல் தான் முதலில் உடைந்துபோவதுதான் அதன் வேலை. இயந்திரம் வாங்குகிற நேரத்திலேயே கூடுதலாக ஒரு கப்ளர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாதம் ஒன்று உடைந்தால் ஜாரின் அடியில் பிளேடுத் தண்டைத் தாங்குகிற புஷ் இறுகிவிட்டது என்று பொருள், அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடையில் நின்று எதைச் சோதிக்கலாம்?

ஜாரை மாட்டிக் கழற்றிப் பாருங்கள், ஈரக்கையால் முடிய வேண்டும். வீட்டில் அதிகம் பயன்படுத்தப்போவது யாரோ அவரே தூக்கிப் பார்க்கட்டும். ஜாரில் பாதித் தண்ணீர் ஊற்றி ஓட்டச் சொல்லுங்கள். நிறுத்திய பிறகு அடியில் விரலால் தடவினால் ஈரம் இருக்கக் கூடாது. பிளேடைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள், தடங்கல் இல்லாமல் வர வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். மிக்ஸி, லிக்விடைசர் வகைக்கான இந்தியத் தரநிலை எண் ஐ.எஸ். 4250. அப்புறம், மாற்று ஜார் தனியாக என்ன விலை என்று கேளுங்கள். விலை சொல்லத் தெரியவில்லை என்றால் ஸ்டாக் வருவதே இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

வாங்கி வந்த முதல் நாளே கருகிய வாடை. திருப்பிக் கொடுக்கவா?

பொறுங்கள். சுற்றுக் கம்பியின்மேல் பூசிய வார்னிஷ் முதல்முறை சூடாகும்போது அந்த வாடை வரும், சில தடவை ஓட்டியதும் போய்விடும். காற்றுத்துளை வழியாகப் பார்த்தால் இலேசான நீலப் பொறி தெரிவதும், மோட்டாரின் சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ்ஷின் இயல்பு. புகை வந்தாலோ, பொறி பெரிதாக வளையமாகத் தெரிந்தாலோ அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்.

கழுவுவது எப்படி? பிளேடு மழுங்கினால்?

அரைத்த உடனே ஜாரில் பாதி வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், அரை நிமிட ஓட்டம், அலசிக் கவிழ்த்தல். காயவிட்டால்தான் வேலை. அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள், மீன் வாடையும் பூஞ்சையும் ஒளிந்துகொள்வது அதற்குப் பின்னால்தான். ஜாருக்கு அடியில் ஒழுகத் தொடங்கினால் வளையத்தையோ புஷ்ஷையோ உடனே மாற்றுங்கள். சின்ன ஒழுகல்தானே என்று விட்டால் தண்ணீர் நேராக மோட்டாருக்குள் இறங்கும்.

கல் உப்பு போட்டு அரைத்தால் மிக்ஸி பிளேடு கூராகும் என்பது நம் வீடுகளில் பரவலான வழக்கம். பிளேடில் ஒட்டிய பிசுக்குப் போகும், அதனால் கொஞ்சம் நன்றாக அரைப்பதாகத் தோன்றும். பிளெண்டரின் பிளாஸ்டிக் ஜாரில் இதைச் செய்யவே செய்யாதீர்கள், உள்பக்கம் முழுக்கக் கீறி மங்கிவிடும். விரலி மஞ்சள், சுக்கு போன்றவற்றை எதிலும் போடாமல் மாவு மில்லுக்கு அனுப்புங்கள்.

விலையில்லாத் திட்டத்தில் வந்த மிக்ஸி இன்னும் ஓடுகிறது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமா?

தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய திட்டத்தில் வந்தவை இன்றும் கடலூர்ப் பக்கம் பல வீடுகளில் சட்னி அரைத்துக்கொண்டிருக்கின்றன. மோட்டார் சுற்றுகிறது, ஜார்தான் தேய்ந்தது என்றால் மெக்கானிக்கிடம் காட்டி, பொருந்துகிற ஜாரும் கார்பன் பிரஷ்ஷும் மாற்றிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாயில் முடியும். அதை மசாலாவுக்கு வைத்துக்கொண்டு, ஸ்மூத்திக்கு மட்டும் சின்ன பிளெண்டர் ஒன்று வாங்கினால் இரண்டு வேலையும் ஒழுங்காக நடக்கும். மோட்டாரே எரிந்துவிட்டது என்றால் எக்ஸ்சேஞ்ச் கேளுங்கள். உள்ளே செப்புச் சுருள் இருக்கிறது, அதனால் சும்மா கொடுத்துவிடாதீர்கள். பழைய இரும்புக்காரர் சொல்கிற விலையையும் கடைக்காரர் கழிக்கிற தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது அதிகமோ அங்கே கொடுங்கள்.